எத்தனை தடவை

அந்த ஹோட்டலின் வரவேற்பறையில் பூச்சாடியைச் சரியான கோணத்துக்குத் திருப்பி வைப்பதற்கென்றே ஓர் ஆள் இருந்தார். அவர் நிற்கும் இடத்துக்கு நேர் கீழே, இரண்டு தளம் இறங்கினால், சலவைக்கூடம். மேலே தங்குகிறவர்கள் படுக்கையிலும் துண்டிலும் மேஜை விரிப்பிலும் என்னென்ன செய்தார்களோ, அத்தனையும் சுவருக்குள் ஓடும் ஒரு தகரக் குழாய் வழியாக மூட்டை மூட்டையாக அங்கே வந்து விழும். ஒருவர் எவ்வளவு பெரிய மனிதர் என்பதை அவருடைய விசிட்டிங் கார்டு சொல்லும். மீதியைத் தலையணை உறை சொல்லும்.

மெஷினுக்குள் போவதற்கு முன்னால் கறை பட்ட துணியெல்லாம் ஒரு நீளமான ஸ்டீல் மேஜைக்கு வந்தாக வேண்டும். அந்த மேஜையில் இருபத்திரண்டு வருஷமாக நிற்பவள் கறையக்கா. அப்பா அம்மா வைத்த பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. ஐம்பத்தேழு வயது, இடுப்பில் ரப்பர் ஏப்ரன், காதில் பென்சில். துணியைக் கையில் வாங்கியதும் விரலால் ஒரு தேய்ப்பு, மூக்கால் ஒரு மோப்பம். ஒயினா, ஷூ பாலிஷா, முகத்தில் பூசும் க்ரீமா, வாந்தியா என்று சொல்லிவிடுவாள். யாருடையது என்று மட்டும் கேட்க மாட்டாள். அந்த மேஜையில் அது கெட்ட பழக்கம்.

மேஜையோரம் ஒரு நோட்டு நூலில் கட்டித் தொங்கும். அதில் போகாத கறைகளை மட்டும்தான் எழுத வேண்டும்: என்ன துணி, என்ன கறை, என்ன செய்தும் போகவில்லை. போன கறையை எழுதுவதில்லை. போய்விட்டதை எதற்கு எழுத வேண்டும்? ஒரு நாளைக்கு இருநூறு வரும், நோட்டில் ஒன்று ஏறும், பல நாள் ஒன்றும் ஏறாது. மாதக் கடைசியில் மேனேஜர் அந்த நோட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேலே கூட்டத்துக்குப் போவார். "இந்த மாதம் மொத்தக் கறை ஒன்பது" என்பார். மேலே கைதட்டுவார்கள். கைதட்டல் கீழே வராது. அந்தக் குழாய் துணிக்கு மட்டும்தான்.

முதல் தடவை அவளுக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை காலை, வீட்டுக் குளியலறையில். மாதவிலக்கு நின்று ஆறு வருஷம் முடிந்திருந்தது. நின்றபோது அவள் அதைக் கொண்டாடினாள் என்றுகூடச் சொல்லலாம். அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்து அதில் ஊறுகாய் பாட்டில் வைத்தாள். இப்போது உள்ளாடையில் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சிவப்பு. அவள் அதை அடுத்தவர் துணி போலத்தான் பார்த்தாள். ரத்தம், புதியது, காயவில்லை. பச்சைத் தண்ணீர், கொஞ்சம் உப்பு, சோப்பு. வெந்நீர் கூடவே கூடாது. பட்டால் ரத்தம் துணியோடு வெந்து ஒட்டிக்கொள்ளும். நான்கு நிமிஷம் ஆயிற்று. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லைதான். அவள் வேலைக்குப் போனாள்.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது. பிறகு மூன்றாவதும் நான்காவதும், சலவைக்கூடத்தில், யூனிஃபார்மில். அங்கே வசதி அதிகம். கைக்கெட்டும் தூரத்தில் பதினாறு வகை மருந்துத் தண்ணீர் இருந்தது. எல்லாம் போயின.

ஐந்தாவதுதான் நாற்காலியில்.

நாற்காலியைச் சொல்வதற்கு முன் அவள் கணவரைச் சொல்ல வேண்டும். நாற்பத்திரண்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர் கௌரவச் செயலாளர். கௌரவம் என்ற சொல்லை யாராவது விட்டுவிட்டால் கூப்பிட்ட குரலுக்குத் திரும்ப மாட்டார். வீட்டுக்கும் சங்கத்துக்கும் நடுவே சுவர் இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோய்ப் பல வருஷம் ஆயிற்று. குக்கருக்கு ரப்பர் வாங்க வேண்டும் என்றால், "சரி, பதிவு பண்ணிக்கிறேன்" என்பார். பதிவும் செய்வார். நீல அட்டை போட்ட குறிப்பேடு ஒன்று உண்டு. அதில் குக்கர் ரப்பரும் தண்ணீர்த் தொட்டியும் அடுத்தடுத்த வரியில் இருக்கும். திருத்தம் வந்தால் அடித்து எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைப்பார். எண்ணை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவார். மோசடிக்கு இடம் கொடுக்கக் கூடாதாம்.

செயற்குழு கூடுவதற்கென்று அவர் வெண்ணெய் நிறத்தில் ஆறு நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார். ஒரு ஞாயிறு காலை அதில் ஒன்றில் உட்கார்ந்து கறையக்கா காய் நறுக்கினாள். எழுந்தபோது தெரிந்தது. உறையைக் கழற்றினாள், அலசினாள், புதிது போல ஆக்கினாள். ஆனால் அடியில் இருந்த பஞ்சு மெத்தை குடித்திருந்தது. உறையைப் போட்டுக் காயக் காய, உள்ளே இருந்தது மெல்ல மேலே ஏறி, பழுப்பாக ஒரு வளையம் கட்டி நின்றது. மூன்று தடவை எடுத்தாள். மூன்று தடவையும் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்த செயற்குழு முடிந்த மறுநாள் செயலாளர் அதைக் கண்டுபிடித்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் பொருளாளர். சங்கத்தில் செயலாளரைக் கேள்வி கேட்கும் ஒரே ஆள். செயலாளரின் முகத்தில் பல மாதமாகக் காணாத ஒளி வந்தது. சங்கத்தின் கடிதத் தாளை எடுத்து, "நாற்காலிக்கு நேர்ந்த சேதம் குறித்து விளக்கம் கோருதல்" என்று தலைப்பு எழுதி அடிக்கோடு இட்டார்.

"இந்தாம்மா, இங்க வா. இது டீக்கறைதானே? உன்னோட தொழில். ஒரு வரி எழுதிக் குடு, நிபுணர் கருத்துன்னு சேத்துடறேன்."

"டீ இல்லீங்க."

"காப்பியா? அன்னிக்குக் காப்பியே குடுக்கலையே."

"ரத்தம்."

செயலாளர் பேனாவை மூடினார். பிறகு திறந்தார். விஷயம் அவர் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. "நெனச்சேன்! அந்த ஆளு உக்காரும்போதே ஒரு பக்கமா சாஞ்சுதான் உக்காருவான். மூலம்! இத எப்படி நாகரிகமா எழுதறதுன்னுதான்..."

"அவரு பாவம், விடுங்க. அது என்னோடது."

"எது?"

"ரத்தம்."

அவர் நாற்காலியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி நாற்காலியைப் பார்த்தார். "உனக்குத்தான் நின்னு போச்சே?"

"நின்னுதான் போச்சு."

"அப்ப இது என்ன?"

"தெரியல."

ஒரு கறையைக் காட்டி என்ன என்று கேட்டால் அவள் தெரியவில்லை என்று சொன்னது இருபத்திரண்டு வருஷத்தில் அதுவே முதல் தடவை.

செயலாளர் முதலில், "உடம்புச் சூடா இருக்கும்" என்றார். உலகத்தில் விளங்காத எதையும் அவர் அந்தத் தலைப்பில்தான் சேர்ப்பார். பிறகு போனை எடுத்துத் தேடினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையை மூக்குக்குக் கிட்டே பிடித்து, முனகிக்கொண்டே படித்தவர் ஓர் இடத்தில் முனகுவதை நிறுத்தினார். போனைக் கவிழ்த்து வைத்தார். பொருளாளருக்கு எழுதிய கடிதத்தை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"டாக்டர்கிட்ட போறோம்" என்றார். அதைப் பதிவு செய்துகொள்ளக்கூட மறந்துவிட்டார்.

டாக்டரைப் பார்க்க நாள் கிடைக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் ஆறாவதும் ஏழாவதும் வந்தன. இரண்டும் போயின.

மகப்பேறு மருத்துவமனையில் ஐந்தாம் எண் அறை. வெளியே பெஞ்சில் வயிறு தள்ளிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே கறையக்கா. அடுத்திருந்த பெண் நகர்ந்து இடம் கொடுத்து, "மகளுக்கா ஆண்ட்டி?" என்று கேட்டாள். "ஆமா" என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு மகளே கிடையாது.

டாக்டரம்மா சின்ன உருவம். மேஜை மேல் திறக்காத சாப்பாட்டு டப்பா. செயலாளர் கோப்பைப் பிரித்து வைத்து, தொண்டையைச் செருமி, எழுந்து நின்றார்.

"பின்னணியைச் சுருக்கமா..."

"உங்களுக்கா ரத்தம் வருது?"

"இல்ல, இவங்களுக்கு."

"அப்ப அவங்க சொல்லட்டும். நீங்க உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். ஒரு பொதுக்கூட்டத்தில் அவரை இவ்வளவு சீக்கிரம் யாரும் உட்கார வைத்ததில்லை.

டாக்டரம்மா கேட்டுக்கொண்டே போனார். நின்று எத்தனை வருஷம்? ஹார்மோன் மாத்திரை ஏதாவது? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை? மார்பில் கட்டி, அதற்குச் சிகிச்சை? சர்க்கரை, பிரஷர்? ரத்தம் அங்கிருந்துதான் வருகிறது என்று உறுதியாகத் தெரியுமா, சிறுநீர் வழியோ பின்வழியோ இல்லையே? கறையக்கா எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னாள்.

"எத்தனை தடவை வந்துச்சு?"

"ஒரு தடவை."

செயலாளர் தலையாட்டினார். "ஒரு தடவைதான் டாக்டர். நாற்காலியில."

அவள் பொய் சொல்லவில்லை. இதை நம்புவது கஷ்டம்தான். ஆனால் மாதம் ஐயாயிரம் கறையை எடுத்து ஒன்பது என்று எழுதிய கை அது. கறை எத்தனை என்று யார் கேட்டாலும் அவள் மனசு அந்த நோட்டைத்தான் புரட்டும். அதில் ஒரு வரிதான் இருந்தது. நாற்காலி, ரத்தம், மூன்று தடவை எடுத்தும் போகவில்லை.

அந்த ஒன்று என்ற எண் அவளுக்குப் பிடித்தும் இருந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

திரைக்குப் பின்னால் படுக்கச் சொல்லிக் கருவியும் விளக்கும் வைத்துப் பார்த்தார். கர்ப்பப்பை வாயில் புண்ணோ கட்டியோ இல்லை. அங்கிருந்து பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுத்துக்கொண்டார். பிறகு உள்ளே விட்டு எடுக்கும் ஸ்கேன். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. அதைத் திரையிலேயே கோடு போட்டு அளந்தார்.

"உங்க கர்ப்பப்பையோட உள்சவ்வு மூணரை மில்லிமீட்டர். மெலிசு. நல்லது" என்றார், கையுறையைக் கழற்றிக்கொண்டே. "நின்னு போனதுக்கப்புறம் ஒரு சொட்டு வந்தாலும் காரணம் தேடணும்மா. பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான். உள்தோல் வறண்டு மெலிசாகி அதுவே கசியும். சிலருக்குச் சின்னச் சதை வளர்ச்சி இருக்கும். சிலருக்குச் சவ்வு தடிச்சிருக்கும். பத்துல ஒருத்தருக்குப் புத்துநோய். உங்களுக்குச் சவ்வு மெலிசு, வந்ததும் ஒரே தடவை. அதனால இப்போதைக்கு உள்ள போய் சதைத் துணுக்கு எடுக்க வேண்டாம். வறட்சிக்கு க்ரீம் தர்றேன். ஆனா ஒண்ணு. இன்னொரு தடவை வந்துச்சுன்னா இந்த மூணரை செல்லாது. மெலிசா இருந்தாலும் எடுத்துத்தான் பாக்கணும். அன்னிக்கே வந்துடணும். புரியுதா?"

கறையக்கா தலையாட்டினாள். இன்னொரு தடவை ஏற்கெனவே ஆறு தடவை வந்திருந்தது. அவள் தலையாட்டினாள்.

செயலாளர் திரும்பும் வழியில் ஆட்டோவிலேயே குறிப்பேட்டைத் திறந்தார். உயிர் திரும்பி வந்திருந்தது. "மருத்துவ ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. மூன்றரை மில்லிமீட்டர். திருப்திகரம். பொருள் முடித்துவைக்கப்பட்டது." குலுக்கலில் எழுத்து கோணியது. அவர் கவலைப்படவில்லை. வாசலில் காவலாளியைப் பார்த்துச் சிரித்தார். பல வருஷத்தில் முதல் தடவை.

சலவைக்கூடத்தில் நீராவி பிரஸ்ஸில் நிற்பவளுக்குப் பேரே நீராவி. வாயைத் திறந்தாலும் அதேதான் வரும் என்பதால் பொருத்தமான பேர். ஊழியர் யூனிஃபார்மெல்லாம் கடைசியில் அவள் கைக்குத்தான் போகும். ஒரு புதன்கிழமை டீ நேரத்தில் அவள் இரண்டு வெளிர்நீலக் கால்சட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இது உன்னோடது."

"கொக்கியில மாட்டு."

"மாட்டறேன். முதல்ல இதப் பாரு." இரண்டையும் ஸ்டீல் மேஜையில் குப்புறப் பரப்பினாள். "என்ன தெரியுது?"

"சுத்தமா இருக்கு."

"அதான் கேக்கறேன். ஏன் இங்க மட்டும் இவ்வளவு சுத்தமா இருக்கு?"

விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. துணி முழுக்க வெளிர்நீலம். பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் நீலம் போய் வெளுத்திருந்தது. இரண்டிலும் ஒரே இடம். கறையக்கா தன் மருந்துத் தண்ணீரால் தன்னையே காட்டிக் கொடுத்திருந்தாள்.

"பிளீச் பட்டுடுச்சு."

"பிளீச்சுக்கு உன் பின்னாடி என்ன வேலை? வேற ஆள்கிட்ட சொல்லு. போன மாசம் ஒண்ணு பாத்தேன், வாய மூடிட்டுத் தேச்சேன். இப்ப ரெண்டு. மூணாச்சு. யாரோடதுன்னு கேக்கக் கூடாதுங்கறது ரூம்காரங்களுக்கு. உனக்கு இல்ல."

கறையக்கா டீயை ஒரு வாய் குடித்தாள். "டாக்டர்கிட்ட போயிட்டு வந்தாச்சு. ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க."

"எத்தனை தடவைன்னு சொன்ன?"

"ஒண்ணு."

நீராவி வாயைத் திறந்தாள். அதிசயமாக, ஒன்றும் வரவில்லை. சற்றுக் கழித்துத்தான் வந்தது. "இங்கயே மூணு இருக்கே அக்கா. நான் பாத்ததே மூணு."

"அதெல்லாம் போயிடுச்சே."

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. பின்னால் பெரிய மெஷின் சுற்றி நின்று, தண்ணீரை வடித்துவிட்டு, மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

"எது போச்சு? துணியிலேருந்து போச்சு. உள்ள இருக்கறது எங்க போச்சு?" நீராவி குரலைத் தாழ்த்த முயன்றாள், அவளுக்கு அந்த வசதி கிடையாது. உலர்த்தும் பகுதி வரைக்கும் கேட்டது. "டாக்டரம்மா என்ன மேனேஜரா, நோட்டக் காட்டிக் கைதட்டு வாங்கறதுக்கு? மொத்தம் எத்தனை, எண்ணு. ம், விரல விட்டு எண்ணு!"

கறையக்கா எண்ணினாள். ஏழு.

"வறட்சிதான்னு சொன்னாங்க. க்ரீம் போடறேன். மெலிசாத்தான் இருக்காம்."

"ஒரு தடவைன்னதால சொன்னாங்க."

"அவரு வேற முடிஞ்சதுன்னு எழுதிட்டாரு."

"ஆமா, உங்க வீட்டுக்காரரு எழுதிட்டா கர்ப்பப்பை கேட்டு நடந்துக்கும். சங்கத்து மெம்பர் பாரு!"

கறையக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறப் பார்த்தது. டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவும் தொட்டிப் பக்கம் போய்விட்டாள்.

அவளுக்குப் பயம் எங்கே என்று அவளுக்கு மட்டும் தெரியும். மூட்டைச் சீட்டில் வரும் அறை எண் அறுநூற்றுப் பதினான்கு. போன வருஷம் அந்த அறையில் நீண்ட நாள் தங்கினவர் ஒரு பெண்மணி. தலையணை உறையில் நரைமுடி வரும், மூட்டுவலித் தைலம் மணக்கும். அந்த வயதுக்காரரின் படுக்கை விரிப்பில் வாரம் தவறாமல் ரத்தம். முதலில் பொத்தான் அளவு. பிறகு உள்ளங்கை அளவு. பிறகு மெத்தை உறைவரை. கறையக்கா அத்தனையும் எடுத்தாள். நோட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை. மேலே அந்தப் பெண்மணி ஒவ்வொரு வாரமும் வெள்ளை வெளேரென்ற விரிப்பில் போய்ப் படுத்துக்கொண்டார். ஒரு வாரம் அந்த அறையிலிருந்து துணியே வரவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது என்று அறை துடைப்பவள் சொன்னாள். அதற்கு மேல் கறையக்கா கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஒரு சீட்டு எழுதி மடிப்புக்குள் வைத்திருக்கலாம். என்னவென்று எழுதுவது? எத்தனை தடவை என்று. அது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

எட்டாவது அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தது. க்ரீம் பூசத் தொடங்கிப் பதினைந்தாம் நாள். சலவைக்கூடத்தின் பெண்கள் ஓய்வறையில், கை தன்னால் குழாயைத் திறந்துவிட்டது. பச்சைத் தண்ணீர் ஓடியது. துணியைக் கீழே நீட்டினால் நான்கு நிமிஷம். வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்றும் இருக்காது. ஒன்று என்ற எண் ஒன்றாகவே இருக்கும். ஆட்டோ வேண்டாம், ஐந்தாம் எண் அறை வேண்டாம், பத்தில் ஒருத்தி யார் என்று பார்க்க வேண்டாம்.

நெடுநேரம் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குழாயை மூடினாள்.

மேஜைக்கு வந்து, அறைத் துணிகளுக்குக் கட்டும் அட்டைச் சீட்டு ஒன்றை எடுத்தாள். தேதி, நேரம், கறை: ரத்தம். யாருடையது என்பதற்கு அந்தச் சீட்டில் இடமே இல்லை, ஓரத்தில் எழுதினாள். துணியைக் கண்ணாடிப் பையில் போட்டு, சீட்டைக் கட்டி, கைப்பையில் வைத்தாள். நோட்டைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தில் எட்டு வரி எழுதினாள். தேதி நினைவில்லாத இரண்டுக்கு 'சுமார்' என்று போட்டாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த நோட்டில் ஒரு தாள் குறைந்தது அன்றுதான்.

"மேனேஜர் கேட்டா?" என்றாள்.

"நீராவி பட்டுக் கிழிஞ்சுடுச்சுன்னு சொல்லிக்கிறேன். போ நீ" என்றாள் நீராவி.

கறையக்கா மருத்துவமனைக்குப் போகும் வழியில் கணவருக்குப் போன் செய்தாள். அவர் கோப்போடு அவளுக்கு முன்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் குறிப்பேட்டைத் திறந்து, "முடித்துவைக்கப்பட்டது" என்ற வரியைக் காட்டினார். அந்த வரி தன்னை ஏமாற்றிவிட்டது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு தடவையா? எங்கிட்டக்கூடச் சொல்லலையே."

"எனக்கே நான் சொல்லிக்கலையே."

உள்ளே டாக்டரம்மா பையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், நோட்டுத் தாளை மெதுவாகப் படித்தார்.

"போன தடவை ஒண்ணுன்னீங்க."

"போகாதது ஒண்ணுதான் டாக்டர். மத்தது எல்லாம் போயிடுச்சு. எங்க வேலையில போனதை எண்ண மாட்டோம்."

டாக்டரம்மா திட்டுவார் என்று செயலாளர் எதிர்பார்த்தார், கறையக்காவும்தான். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "நான் இன்னொரு விதமாக் கேட்டிருக்கணும். துவைச்சுட்டீங்களான்னு கேட்டிருக்கணும்" என்றார். "ஏழு தடவைன்னு தெரிஞ்சிருந்தா போன தடவையே விட்டிருக்க மாட்டேன். வாங்க, இன்னிக்கே உள்ள பாத்துடலாம்."

மெல்லிய குழாயின் முனையில் கேமரா. கறையக்கா தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். இளஞ்சிவப்பாக ஒரு குகை. ஒரு மூலையில், ஸ்கேனில் தட்டையாகப் படுத்து ஏமாற்றியிருந்த ஒரு சின்னச் சதைத் துளி, தண்ணீர் பட்டதும் எழுந்து ஆடியது. அதன் நுனி மட்டும் வேறு நிறம். அந்த நிறம் அவளுக்குத் தெரியும். துணியில் பார்த்திருந்தால் பேர் சொல்லியிருப்பாள். அதையும், சுற்றிச் சவ்விலிருந்து துணுக்குகளையும் எடுத்தார்கள். அடிவயிற்றைப் பிடித்துத் திருகினாற்போல இருந்தது. சத்தம் போடவில்லை. நர்ஸ், "கத்தணும்னா கத்துங்க, இங்க எல்லாரும் கத்துவாங்க" என்றாள். அப்போதும் போடவில்லை.

"ரிசல்ட் வரப் பத்து நாள்" என்றார்கள்.

அந்தப் பத்து நாளில் செயற்குழு ஒரு தடவை கூடியது. ஒத்திப் போடச் செயலாளருக்குத் துணிவு இருந்திருந்தால் போட்டிருப்பார், காரணம் கேட்பார்களே. பொருளாளர் வளையம் கட்டின நாற்காலியைக் காட்டி, "செயலாளரே, இத நான்தான் பாழாக்கினேன்னு ரெண்டு பேருகிட்ட சொன்னீங்களாமே, விசாரணை என்ன ஆச்சு?" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

கௌரவச் செயலாளர் வழக்கமாக இதற்கு இருபது நிமிஷம் எடுத்துக்கொள்வார். அன்று, "தப்பு என்னோடது. மன்னிச்சுக்குங்க" என்றார். பிறகு போய் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார். கூட்டம் ஆறு நிமிஷத்தில் முடிந்தது. சங்கத்தின் வரலாற்றில் அவ்வளவு பயனுள்ள கூட்டம் நடந்ததில்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள். சமையலறையில் டீ ஊற்றிக்கொண்டிருந்த கறையக்காவுக்கு அவர் சொன்ன மூன்று சொல்லும் கேட்டது.

பதினோராம் நாள் டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். அந்தச் சதைத் துளியின் நுனியில் இருந்தது புற்றுநோய். சுற்றியிருந்த சவ்வில் எடுத்ததில் இல்லை. கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட வேண்டும்.

"ஆரம்பத்துலயே பிடிச்சுட்டோம்னு நினைக்கிறேன். நினைக்கிறேன்னுதான் சொல்றேன். எடுத்துப் பாத்தாத்தான் எவ்வளவு தூரம்னு தெரியும்."

"சரியாயிடுமா?" என்று கேட்டது செயலாளர். அந்தக் கேள்வியில் பின்னணியும் இல்லை, முன்னுரையும் இல்லை.

"நிறைய பேருக்கு ஆகுது. நிச்சயமா இப்ப சொல்ல மாட்டேன்."

அடுத்த திங்கட்கிழமை காலை அறுவைச் சிகிச்சைக்குச் சேர்க்கும் இடத்தில், கம்பிக் கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர் ஒரு நீளமான படிவத்தைத் தள்ளினார். செயலாளர் தன் பேனாவைத் திறந்தார். பேர், வயது, ரத்த வகை, ஒவ்வாமை. படிவம் நிரப்புவது அவருக்கு உயிர். அன்று ஒவ்வொரு கட்டத்திலும் பேனா சற்று நின்று யோசித்தது. மூன்றாம் பக்கத்தில் அந்தக் கேள்வி இருந்தது: மாதவிலக்கு நின்ற பின் ரத்தப்போக்கு, எத்தனை தடவை?

அவளைக் கேட்கவில்லை. 8 என்று எழுதி, பக்கத்தில் 'எட்டு' என்று எழுத்தாலும் எழுதினார்.

கறையக்கா எட்டிப் பார்த்தாள். பெஞ்சில் பையை இறக்கி வைத்தாள்.

"ஒன்பதுங்க" என்றாள். "இன்னிக்குக் காலையில ஒண்ணு."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. எட்டை ஒரே கோட்டில் அடித்தார். கோடு நேராக வரவில்லை. 9 என்று எழுதினார். 'ஒன்பது' என்று எழுத்தால் எழுதினார். பிறகு, திருத்தத்துக்குப் பக்கத்தில் வழக்கம்போல் சுருக்கொப்பம் வைத்துவிட்டு, தாளை அவள் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினார்.

அவளும் வைத்தாள்.